பூட்டில்லாத வீட்டில் ஒரு கள்ள அறை

அத்தியாயம் 4

வாழ்வியல் பேரொளியின் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறை மட்டும் விதிவிலக்கு. அதுவும் விருந்தினர்கள் வற்புறுத்தியதால்.

இதை அவர் மேடைதோறும் சொல்வார். "என் வாழ்க்கை ஒரு திறந்த வீடு. என் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குக் கடவுச்சொல் கிடையாது. நானும் பயன்படுத்துவேன், என் துணைவியாரும் பயன்படுத்துவார், என்னிடம் வேலை பார்க்கும் பெண்ணும் பயன்படுத்துவாள். மறைப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே பூட்டு வேண்டும்?" இந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். தாகம் எல்லாம் இல்லை. கைதட்டுவதற்கு இடம் விடுகிறார்.

அந்தத் திறந்த வீட்டின் முன்னறையில் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பொய்யைக் காப்பாற்றி அலுத்துப்போய், பொய்யைப் பிடிக்கும் தொழிலுக்கு வந்தவர். கறுப்பு கோட்டைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகியும் பட்டம் மட்டும் கழலவில்லை. பக்கத்தில் அவருடைய உதவியாளன் கொசுறு. வக்கீலம்மாவை அமர்த்துகிறவர்களுக்கு அவன் இலவசமாக வருவான். வேண்டாம் என்றாலும் வருவான்.

"திருடு போனது என்னன்னு தெளிவா சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

"என் சிந்தனை!" பேரொளி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"எடை எவ்வளவு இருக்கும் சார்?" என்றான் கொசுறு.

பேரொளி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவர்களைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய வாழ்வியல் நெறிகளில் அச்சேறாத ஒன்று.

விஷயம் இதுதான். சிந்தனைப் பெருங்கடல் என்று அவருக்கு ஒரு போட்டிப் பேச்சாளர் உண்டு. பேரொளி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கும் உரையைப் பெருங்கடல் சனிக்கிழமையே வேறொரு மேடையில் பேசிவிடுகிறார். வரிக்கு வரி அதே உரை. குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் அதே தழுதழுப்பு. ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம், தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

பேரொளி தன் உரையைக் கைப்பட எழுதி டைப்பிஸ்டிடம் கொடுப்பார். அவள் அடித்து, அச்செடுத்துத் தருவாள். மேடை ஏறும்வரை அது வேறு யார் கண்ணிலும் படாது.

"ஆகவே திருடி அவள்தான். கணக்குச் சரியாக வருகிறது அல்லவா?"

"சரியாத்தான் வருது. அதான் சந்தேகமா இருக்கு," என்றார் வக்கீலம்மா.

"இன்று மாலை நகர அரங்கில் எனக்குக் கூட்டம். தலைப்பு 'வெளிப்படை'. அங்கே அவள் பெயரை அறிவிக்கப்போகிறேன். சுவரொட்டியே அடித்தாகிவிட்டது: 'துரோகி யார்? பேரொளி அறிவிக்கிறார்.' அதற்குள் நீங்கள் ஆதாரம் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் அறிவிப்பேன்."

"அப்போ எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் கொசுறு.

"'துப்பறியும் நிபுணரை வைத்து விசாரித்தேன்' என்று சொன்னால் சபையில் ஒரு கனம் கிடைக்கும்."

அதைச் சொல்லிவிட்டுத் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க மாடிக்குப் போனார். அந்தத் தொண்டைக்கு ஓய்வு என்பது ஊருக்கும் ஓய்வுதான்.

* * *

அறையின் மூலையில், கம்ப்யூட்டருக்கு முன்னால், டைப்பிஸ்ட் இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஏற்கெனவே அதில் போட்டு வைத்திருந்தாள்.

"வேலை போனா போகட்டும் மேடம். இந்த வேலைக்கு ஒண்ணும் நான் தவம் கிடந்து வரல. ஆனா மேடையில ஏறித் திருடின்னு சொன்னா? அரங்கம் முழுக்கக் கேட்கும். அப்புறம் நான் எந்த ஆபீஸ் படியை மிதிக்கிறது? டைப்பிஸ்ட்டுக்கு இருக்கிறது ஒரே ஒரு பேருதான். கையில வர்றதை வெளியே சொல்ல மாட்டாங்கற பேரு. அது போச்சுன்னா விரல் இருந்து என்ன பிரயோஜனம்?"

"நீ கொடுத்தியா இல்லையா?"

"அந்தப் பேச்சையா? அதை ஒரு தடவை அடிக்கவே எனக்குத் தலைவலி மாத்திரை வேணும். இதுல இன்னொருத்தருக்கு வேற விநியோகம் பண்ணணுமா?"

"மேடம், இவங்க நிரபராதி," என்றான் கொசுறு. "ரசனை இருக்கு."

"ரசனையை யாரும் ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்கடா. நீ கொஞ்சம் அடிச்சுக் காட்டும்மா."

டைப்பிஸ்ட் 'வணக்கம்' என்று அடித்தாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டாள். 'வ' வந்தது. பின்னால் யோசித்து யோசித்து மற்ற எழுத்துகள் வந்தன.

"வணக்கம் நடந்தே வருது மேடம்," என்றான் கொசுறு. "வழியில எங்கேயோ டீ குடிச்சிருக்கு."

"இதுக்கும் திட்டு எனக்குத்தான்," என்றாள் டைப்பிஸ்ட். "'காப்பி எடுக்கிறாய், அதனால்தான் தாமதம்'ன்னு. மெஷின் சோம்பேறியா இருந்தா நான் என்ன பண்ண?"

"பழைய மெஷினா?"

"எங்க பழசு! போன மாசம்தான் மெமரி ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை ஏத்தினாங்க. நான் நாற்காலி கேட்டேன், ஒரு கால் ஆடுதுன்னு. மெமரி வாங்கிட்டு வந்தாங்க."

வக்கீலம்மாவின் புருவம் லேசாக ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது ஆடியது. கம்ப்யூட்டரின் உள்விவரங்களைத் திறந்து பார்த்தார்.

"கடிதம் அடிக்கிற மெஷின். மாசத்துக்கு நாலு மேடைப் பேச்சு. இதுக்கு சினிமா கிராஃபிக்ஸ் பண்றவன் வச்சிருக்கிற மெமரி. அப்படியும் மூச்சு வாங்குது. கொசுறு, கல்யாணப் பானையில ஒரு ஆளுக்குச் சமைச்சும் பத்தலைன்னா என்ன அர்த்தம்?"

"உள்ளே யாரோ உட்கார்ந்து சாப்பிடறாங்கன்னு அர்த்தம்."

அவர் ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். 'கேடய விழா' என்று ஒன்று. யானை மாதிரி பெரியது. போன வருடம் பேரொளிக்கு யாரோ கேடயம் கொடுத்த நிகழ்ச்சியின் வீடியோ என்றாள் டைப்பிஸ்ட். வக்கீலம்மா தட்டினார். வீடியோ ஓடவில்லை.

"போன வருஷ விழா. ஆனா இந்த ஃபைல் கடைசியா மாறினது நேத்து. நேத்து யாராவது அந்தக் கேடயத்தைப் பிடுங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

"பிடுங்கியிருந்தா ஊரே கொண்டாடியிருக்குமே மேடம்," என்றான் கொசுறு.

"இது வீடியோ இல்ல. வீடியோ வேஷம் போட்ட விர்ச்சுவல் மெஷின்."

டைப்பிஸ்ட் விழித்தாள். வக்கீலம்மா திரையைத் தட்டிக் காட்டினார். "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். வெளியே இருந்து பார்த்தா ஒரே ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். திறந்தா உள்ளே தனி டெஸ்க்டாப், தனி பிரவுசர், தனி ஹிஸ்டரி. உள்ளே உட்கார்ந்து என்ன பார்த்தாலும், என்ன எழுதினாலும், அது உள்ளேயேதான் இருக்கும். அடுத்து வந்து உட்கார்றவங்களுக்கு வெளிக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது. பலபேர் தொடற கம்ப்யூட்டர்ல நமக்குன்னு ஒரு மூலை வேணும்னா இது நல்ல வழிதான்."

"கூட்டுக் குடும்பத்துல தனிக்குடித்தனம்," என்றான் கொசுறு.

"ஆனா அடுப்பு ஒண்ணுதான்டா. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொந்தமா மெமரி கிடையாது. வெளியே இருக்கிறதுகிட்ட வாங்கித்தான் தின்னணும். தடம் மறையும். பசி மறையாது."

அந்த ஃபைலை உரிய முறையில் திறந்தார். ஒரு கறுப்புச் சன்னல் விரிந்து, கடவுச்சொல் கேட்டது.

கொசுறு கைகூப்பினான். "பூட்டில்லாத வீட்டோட முதல் பூட்டு. நல்லா தரிசனம் பண்ணிக்கோங்க."

"நான் இல்ல மேடம்!" என்றாள் டைப்பிஸ்ட், யாரும் கேட்காமலே. "எனக்கு என் மெயில் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது."

"இந்த மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறது யாரு?"

"வீட்டம்மாவோட தம்பி. கடைத்தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கார்."

* * *

கடை என்று சொன்னது பெருந்தன்மை. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. அதற்கு ஒரு ஷட்டர். கேபிள்கள் கொடிபோலத் தொங்கின. குடல் பிதுங்கிய கம்ப்யூட்டர்கள் தரையில் மல்லாந்து கிடந்தன. நடுவில், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, பேரொளியின் மச்சினர் ஒரு லேப்டாப்பின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்ல தம்பி. உங்க அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு ரகசிய அறை கட்டியிருக்கீங்களே, அதைப் பத்திப் பேச வந்தோம்."

ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. மச்சினரின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. "எ... எதைச் சொல்றீங்க?"

"கேடய விழா."

"ஓ, அதுவா!" மச்சினர் ஒரு பெரிய மூச்சு விட்டார். குனிந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அது அத்தானோடதுங்க. அவர் கேட்டுத்தான் போட்டுக் கொடுத்தேன். 'எல்லாரும் தொடற கம்ப்யூட்டர்ல என் தேடல் எல்லாம் அப்படியே நிக்குது மாப்பிள்ளை, எனக்குன்னு ஒரு மூலை வேணும்'னார். 'எதுக்கு அத்தான்?'னேன். 'சிந்திக்க'ன்னார்."

"சிந்திக்கப் பாஸ்வேர்ட் எதுக்குங்க?" என்றான் கொசுறு. "சிந்தனை எழுந்து ஓடிடுமா?"

"பாஸ்வேர்ட் அவரே வச்சுக்கிட்டார், எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வம்புதான். ஒவ்வொரு தடவையும் திறக்க நேரம் ஆகுதுன்னு கத்தினார். சரின்னு, மூடற பட்டனை அமுக்கினா மூடாம மறையிற மாதிரி வச்சுக் கொடுத்தேன். மூடிட்டோம்னு நினைச்சு எழுந்து போயிடுவார். உள்ளே அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். மத்தவங்களுக்கு மெஷின் திணறும். அப்புறம் மெமரி ஏத்தச் சொல்வார். எனக்கு வியாபாரம்தானே!"

சிரித்தார். தேவைக்கு மேல் சிரித்தார்.

வெளியே வந்ததும் கொசுறு கைகளைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சது கேஸ். பொண்ணு தப்பிச்சா, டியூப்லைட் மாட்டிக்கிச்சு."

"அவன் வாயிலேர்ந்து வந்த முதல் கேள்வி என்ன?"

"எதைச் சொல்றீங்கன்னு கேட்டார்."

"ஒரு தப்பு பண்ணவன் 'எதை'ன்னு கேட்க மாட்டான். 'எப்படித் தெரியும்'னு கேட்பான்." வக்கீலம்மா நடையைக் கூட்டினார். "கேடய விழான்னு சொன்னதும் அவனுக்கு உயிர் வந்துச்சு பார்த்தியா? இவன் வேற எதுக்கோ பயந்துக்கிட்டு இருந்தான்."

* * *

பேரொளி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளிப்பிலும் ஒரு ஏற்ற இறக்கம் இருந்தது.

"உங்க கையெழுத்துப் பிரதி ஒண்ணு காட்டுங்க," என்றார் வக்கீலம்மா.

பேரொளி ஒரு கட்டுத் தாளை எடுத்துக் குழந்தையைப் போல ஏந்திக் கொடுத்தார். "என் விரல்களின் வழியே வழிந்த அருவி!"

வக்கீலம்மா தாள்களைப் புரட்டினார். முத்து முத்தான எழுத்து. ஒரு அடித்தல் இல்லை. ஒரு திருத்தம் இல்லை. ஓரத்தில் செருகிய ஒரு சொல்கூட இல்லை.

"யோசிச்சு எழுதறவன் கை அடிக்கும், திருத்தும், அம்புக்குறி போடும். பார்த்து எழுதறவன் கைதான் இவ்வளவு சுத்தமா இருக்கும். உங்க அருவி எந்தப் பாறையிலேயும் முட்டவே இல்லையே சார். கேடய விழாவைத் திறந்து பார்க்கலாமா?"

வெந்நீர் தவறான வழியில் இறங்கியது. இருமி முடித்தபோது மேடைத் தமிழும் இறங்கிப் போயிருந்தது.

"அது வந்து... அது என் பர்சனல்ங்க."

"தமிழ் தரைக்கு வந்துடுச்சு மேடம்," என்றான் கொசுறு. "இனிமே உண்மை வரும்."

வந்தது. இணையத்தில் 'மௌனப் பேனா' என்ற பெயரில் யாரோ ஒருவர் மேடைப் பேச்சுகளை எழுதி விற்கிறார். பேரொளி அந்த உள்கம்ப்யூட்டருக்குள் புகுந்து, புனைபெயரில் ஆர்டர் கொடுப்பார். பேச்சு வந்ததும் திரையைப் பார்த்துத் தாளில் கைப்பட எழுதுவார். அதை டைப்பிஸ்டிடம் கொடுத்து அடிக்கச் சொல்வார். கம்ப்யூட்டரில் இருந்த எழுத்து தாளுக்கு வந்து, தாளிலிருந்து மறுபடி அதே கம்ப்யூட்டருக்குப் போகும். இந்தச் சுற்றுப் பயணத்துக்குத்தான் ஊர் அவரைச் சிந்தனையாளர் என்றது.

"எனக்கு மட்டும்தான் தருவேன்னு சொல்லித்தாங்க வித்தான் அந்தப் பேனா!"

"பெருங்கடலுக்கும் வித்திருக்கு. உங்க வீட்டுலேர்ந்து எதுவும் திருடு போகல. நீங்க கடையில வாங்கினதை அவரும் அதே கடையில வாங்கியிருக்கார். அந்தப் பொண்ணு எதையும் எடுக்கல."

"எடுக்கலையா..." பேரொளி தாடையைத் தடவினார். "சரி. ஆனா பேரைச் சொல்றேன்னு சுவரொட்டி அடிச்சாச்சே."

வக்கீலம்மா தாள்கட்டை மடக்கி வைத்தார். அவருடைய தொழிலில் எத்தனையோ புழுக்களைப் பார்த்திருக்கிறார். மேடை போட்ட புழு இதுதான் முதல்.

"எடுக்கலைன்னு தெரிஞ்சுமா சொல்லப் போறீங்க?"

"சொல்லிட்டு, 'ஆனாலும் மன்னித்துவிட்டேன்'னு சேர்த்துக்கிறேன். பிரமாதமா எடுபடும். அந்தப் பொண்ணுக்கும் மன்னிப்பு கிடைச்ச மாதிரி ஆச்சு."

"செய்யாத குத்தத்துக்கு மன்னிப்பு," என்றான் கொசுறு. "வெட்டாத ஆட்டுக்குத் தையல் போடறார் மேடம்."

"முதல்ல கீழே வாங்க," என்றார் வக்கீலம்மா. "உங்க உள்கம்ப்யூட்டரை என் கண்ணு முன்னால முழுசா நிறுத்துங்க. எனக்கு ஒரு விஷயம் பார்க்கணும்."

* * *

பேரொளி உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்து, தன் உள்கம்ப்யூட்டரை அணைத்தார். இந்த முறை அது மறையவில்லை; நிஜமாகவே செத்தது.

"இப்போ அடிம்மா," என்றார் வக்கீலம்மா.

டைப்பிஸ்ட் 'வணக்கம்' அடித்தாள். கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கெஞ்சித்தான் வந்தன.

"ஒரு குடித்தனக்காரர் காலி பண்ணியாச்சு," என்றான் கொசுறு. "வீடு இன்னும் நெரிசலா இருக்கே."

"அதான் மச்சினருக்கு வேர்த்தது." வக்கீலம்மா ஃபைல்களை மறுபடி இறக்கினார். கேடய விழாவுக்கு அண்ணன் தம்பிபோல இன்னொன்று, அதே பருமன். 'நாத்தனார் கச்சேரி - முழு நீளம்'. கடைசியாக மாறியது இன்று காலை.

"இது என்ன?"

"என் தங்கச்சி பாடினது," என்றார் பேரொளி. "யாரும் திறக்கறதில்லைங்க. நானே திறக்கறதில்லை. அவ குரல்... ரத்த பாசத்துக்கும் ஒரு எல்லை இருக்கில்ல."

"அப்போ ஒளிக்க இதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டுல கிடையாது. சார், உங்க தங்கச்சியை நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"என்ன கேள்வி இது? தங்கச்சின்னுதான்."

"நீ என்னன்னு சொல்வேம்மா?"

"சாரோட தங்கச்சின்னு," என்றாள் டைப்பிஸ்ட். "எனக்கு ஏது நாத்தனார்? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"மச்சினருக்கும் அவங்க நாத்தனார் இல்ல. ஃபைலுக்குப் பேர் வச்சவங்களுக்கு அவங்க நாத்தனார். இந்த வீட்டுல நாத்தனார் இருக்கிறது ஒரே ஒரு ஆளுக்கு."

"நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க," என்றது வாசற்பக்கமிருந்து ஒரு குரல். "நான் வந்து சொல்ல வேண்டியிருக்குமோன்னு நினைச்சேன்."

பேரொளியின் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார். மேடைகளில் பேரொளி 'என் இல்லத்து மௌன விளக்கு' என்று குறிப்பிடுவது இவரைத்தான். விளக்கு நேராக வந்தது, நாற்காலியிலிருந்து வக்கீலம்மாவைக் கண்ணாலேயே எழுப்பியது, உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தது. மறைக்கக்கூட இல்லை.

சன்னல் விரிந்தது. உள்ளே ஒரு கடைப்பக்கம். மேலே பெயர்: மௌனப் பேனா. கீழே வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆர்டர்கள். முதலாவது, 'ஆழ்கடல்'. அடுத்தது, 'திறந்த இதயம்'.

"திறந்த இதயம் நானாச்சே!" என்று அலறினார் பேரொளி. அலறிய பிறகுதான் அறையில் டைப்பிஸ்ட் இருப்பது அவருக்கு உறைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"தெரியும்," என்றார் மனைவி.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"முதல் ஆர்டர்லேர்ந்து. 'பெண்கள் அழவேண்டும், ஆண்கள் கைதட்டவேண்டும், நான் நடுவில் தண்ணீர் குடிக்க இடம் வேண்டும்'. இப்படி எழுதறதுக்கு உலகத்துல வேற யாரு இருக்கா?"

கொசுறுவுக்குத் தலை சுற்றியது. "ஒரே வீடு. ஒரே மேசை. ஒரே ஆடற நாற்காலி. காலையில அம்மா ஒரு உள்கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து விக்கிறாங்க. சாயங்காலம் ஐயா இன்னொரு உள்கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து வாங்கறார். மேடம், நடுவுல ஒரு தடுப்பு மட்டும் இல்லேன்னா கையிலேயே கொடுத்திருக்கலாம்!"

"அந்தப் பெருங்கடலுக்கு ஏன் கொடுத்தே?" பேரொளியின் குரல் இப்போது நிஜமாகவே தழுதழுத்தது, எங்கும் எழுதி வைக்காத தழுதழுப்பு.

மனைவி திரையில் ஒரு இடத்தைச் சுட்டினார். "அவர் ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் 'நன்றி, உங்கள் எழுத்தால் இன்று நான் மனிதனானேன்'ன்னு ஒரு வரி எழுதறார். நீங்க என்ன எழுதினீங்க? படிங்க. நாலு நட்சத்திரம். 'நன்று. ஆனால் கருத்தில் ஆழம் போதவில்லை. என் தரத்துக்கு இன்னும் முயற்சி தேவை.' ஆழம் பத்தலையாம்! வாங்கி வாசிக்கிற வாய்க்கு ஆழம் பத்தலையாம்!"

ஒரு நிமிடம் வக்கீலம்மாவுக்கே அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. ஒரு நிமிடம்தான்.

"சரிங்க. உங்க எழுத்து, உங்க கடை. யாருக்கு வித்தாலும், அவர் கேட்கட்டும், நீங்க சண்டை போடுங்க. ஆனா இந்தப் பொண்ணு திருடின்னு இவர் நாள் முழுக்கக் கத்திக்கிட்டு இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

மனைவி முதன்முறையாகப் பார்வையைத் தாழ்த்தினார். "எங்கேயாவது வேற வேலை வாங்கிக் கொடுத்துடலாம்னு இருந்தேன்."

"கழுத்தை அறுத்துட்டு, மறைக்க மப்ளர் வாங்கித் தர்றேன்னு சொல்ற கதை. அவர் உங்க எழுத்துக்கு அவர் பேரைப் போட்டார். நீங்க உங்க வேலைக்கு அவ பேரைப் போட விட்டீங்க. பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணியிருக்காங்க." வக்கீலம்மா பேரொளியிடம் திரும்பினார். "சார், மேடையில அவ பேரைச் சொன்னீங்கன்னா நாளைக்கே அவதூறு வழக்கு. கழற்றிப் போட்ட கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கிட்டு நானே வருவேன். உங்க திறந்த கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து ஜட்ஜ் மேசைமேல வைப்பேன். ரெண்டு அறையையும் திறக்கச் சொல்வேன்."

பேரொளி உட்கார இடம் தேடினார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் மனைவி. நின்றுகொண்டே உருகினார். "சரி, சரி. இவ எடுக்கலைன்னு மட்டும் சொல்லிடறேன். போதுமா?"

"போதாது சார்."

டைப்பிஸ்ட்தான். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அவ எடுக்கலைன்னு மட்டும் சொன்னா, அப்போ யார் எடுத்தாங்கன்னு கேட்பாங்க. நீங்க முழிப்பீங்க. நீங்க முழிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. முழுசையும் சொல்லுங்க."

"முழுசையுமா! என்னை நம்பி வாழற ஜனங்க..."

"அவங்க வாழ்ந்துப்பாங்க சார். நான் வாழணும்."

மனைவி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார். "நான் எழுதித் தர்றேன். நல்லா உருக்கமா..."

"நீங்க வேணாம்மா," என்றாள் டைப்பிஸ்ட். "நீங்க எழுதினா பெருங்கடலும் வாசிப்பார். நான் சொல்றேன். சார் அடிக்கட்டும்."

மனைவி எழுந்துகொண்டார். பேரொளி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் எழுத்துகளின் மேல் பருந்துபோல வட்டமிட்டது. அவர் தலையைத் திருப்பி, வெட்கம் கெட்ட மெல்லிய குரலில் கேட்டார்:

"இதை மட்டும்... உள்ளே போய், என் அறையில வச்சு அடிக்கட்டுமா?"

"வெளியவே அடிங்க சார்," என்றாள் டைப்பிஸ்ட். "பொதுக் கம்ப்யூட்டர்தானே. மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

* * *

நகர அரங்கில் உட்கார இடமில்லை. துரோகியின் முகத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்.

பேரொளி தாளை விரித்தார். முன்னுரை கிடையாது, உவமை கிடையாது, தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை.

"என்னிடம் வேலை பார்க்கும் பெண்ணைத் திருடி என்று சொன்னேன். அவர் எதையும் எடுக்கவில்லை. நான் மேடையில் பேசியவற்றை நான் எழுதவில்லை. விலைக்கு வாங்கினேன். எனக்கு விற்றவர் இன்னொருவருக்கும் விற்றார். கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு பூட்டிய அறை வைத்துக்கொண்டு, என் வீட்டில் பூட்டே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். தவறு என்னுடையது. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவுதான்."

பிறகு எங்கோ ஒரு கை தட்டியது. இன்னொன்று. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. "எவ்வளவு பெரிய மனசு!" என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். துரோகி யார் என்று தெரிந்தும் அவருக்கே கைதட்டும் சனங்களை என்ன செய்ய முடியும்?

"மேடம்," என்று பின்வரிசையில் கிசுகிசுத்தான் கொசுறு. "இதையும் பெருங்கடல் நாளைக்கே பேசிடுவாரா?"

"பேச மாட்டார். இதை விக்கறதுக்குக் கடை இல்ல."

கைதட்டல் ஓயவில்லை. பேரொளியின் வாழ்நாளிலேயே நீளமான கைதட்டல். அதன் சூடு மெல்ல அவர்மேல் ஏறியது. குனிந்திருந்த தோள் நிமிர்ந்தது. புருவம் உயர்ந்தது. கை தாளைக் கீழே வைத்தது. மார்பு விரிந்தது, ஒரு முழுப் பேச்சுக்கான காற்று உள்ளே போனது. ஒலிவாங்கியை நோக்கி வாய் திறந்தது.

"அன்புள்ளங்களே! இந்த எளியவனின் தியாகம்..."

முன்வரிசையில் டைப்பிஸ்ட் எழுந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடைப் படியில் ஒரு காலை வைத்தாள்.

பேரொளி உட்கார்ந்துவிட்டார்.